விற்கப்போகும் வீட்டில் எதற்குச் செலவு செய்வது, எதை விட்டுவிடுவது

கடலூரில் ஒரு வீடு விலைக்கு இருக்கிறது என்று சொன்னால் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சென்ட்?" அடுத்தது, "எந்தப் பக்கம் பார்த்த வாசல்?" மூன்றாவது, "ரோடு எத்தனை அடி?" தரையில் என்ன டைல்ஸ், சமையலறையில் என்ன மேடை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே விலையின் பெரும்பகுதி மனையில் இருக்கிறது. கட்டடத்துக்குக் கிடைப்பது மிச்சம். அந்த மிச்சத்தை உயர்த்தத்தான் நீங்கள் செலவு செய்ய யோசிக்கிறீர்கள். வாங்க வருபவரைப் பயமுறுத்தும் குறைகளைச் சரிசெய்யப் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பி வரும். அழகுக்குப் போட்டது பெரும்பாலும் வராது. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே பார்க்கலாம்.

முதலில் தெருவை எண்ணுங்கள்

உங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் கைமாறிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். வாங்கியவர் என்ன செய்தார்? இடித்துக் கட்டினாரா, வெள்ளையடித்துக் குடிவந்தாரா, வாடகைக்கு விட்டாரா? ஐந்து வீட்டில் நான்கை இடித்திருந்தால் உங்கள் வீட்டுக்கும் அதே கதிதான். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் போன்ற பழைய பகுதிகளில் நாற்பது வயது தாண்டிய, மனை பெரிதாக உள்ள வீடுகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சட்டி சிமென்ட் கூடப் பூச வேண்டாம். புதரை வெட்டி, குப்பையை அள்ளி, சர்வேயரை வைத்து நான்கு எல்லையையும் அளந்து கல் நட்டுவிடுங்கள். செலவு அவ்வளவுதான்.

இடிக்கிற வீட்டில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. பழைய தேக்குக் கதவு, ஜன்னல், உத்திரம் இருந்தால் பழைய மரம் வாங்குபவரிடம் விலை கேட்டு வையுங்கள். அது யாருக்கு என்பதை விலை பேசும்போதே பேசிவிட வேண்டும்.

குடிவரத்தான் வாங்குகிறார்கள் என்றால் அடுத்த கேள்வி: ரொக்கத்திலா, வங்கிக் கடனிலா? செம்மண்டலம், கோண்டூர், பாதிரிக்குப்பம் பக்கம் சம்பளக்காரர்கள் வாங்குகிற அளவிலான வீடு என்றால் கடன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் என்றதும் வங்கியின் மதிப்பீட்டாளர் நடுவில் வருகிறார். உங்கள் புதுச் சமையலறைக்கு விலை போடப்போவதும் அவர்தான்.

மதிப்பீட்டாளர் போடும் கணக்கு

கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மீதி 90 சதவீதத்தை 60 ஆண்டில் கழித்தால் ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்மானம். ஒரு கணக்குக்காக, 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,500 ரூபாய் என்று வைப்போம்: மனை 30 லட்சம். அதில் 900 சதுர அடி வீடு, வயது 22. இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,200 என்றால் 19.8 லட்சம். தேய்மானம் 33 சதவீதம் போக 13.27 லட்சம். இரண்டும் சேர்த்து 43 லட்சத்துச் சொச்சம்.

இப்போது நீங்கள் 6 லட்சம் போட்டு தரையை மாற்றி, மாடுலர் கிச்சன் வைத்து, ஃபால்ஸ் சீலிங் அடித்து 50 லட்சம் கேட்கிறீர்கள். மதிப்பீட்டாளர் வருகிறார். வீட்டின் வயது 22 ஆகவே இருக்கிறது. உள் வேலைக்கு ஒரு லட்சம் கூட்டி 44 என்று எழுதுகிறார். வங்கி கிரய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் பார்க்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். ஆக கடன் 35.2 லட்சம். மீதி 14.8 லட்சமும், தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதமாக 4.5 லட்சமும் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். மொத்தம் 19.3 லட்சம். அதே வீட்டை வேலை எதுவும் செய்யாமல் 43-க்குக் கொடுத்திருந்தால் அவர் திரட்ட வேண்டியது 12.47 லட்சம்தான். நீங்கள் ஏற்றிய 7 லட்சத்தில் 6.83 லட்சம் நேராக அவர் சேமிப்பின் மேல் விழுகிறது. வீடு பிடித்தும் ஆள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான்.

உங்கள் மனை விலை, கட்டட வயது, பரப்பளவை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மனை விலையை மூன்று புரோக்கரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். "இப்படியே கொடுத்தால் என்ன, ஒழுகல் எல்லாம் சரிசெய்து பெயின்ட் அடித்தால் என்ன" என்று இரண்டு விலை கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். பழைய வீட்டில் ஒரு சுவரைத் தட்டினால் இன்னொரு வேலை கிளம்பும், அதற்கு. மீதியைவிடச் செலவு குறைவாக இருந்தால் மட்டும் கையை வையுங்கள். புதுச்சேரிக்காரர் குழிக் கணக்கில் விலை சொன்னால் கவனம்: அங்கே ஒரு குழி 576 சதுர அடி. தமிழ்நாட்டில் பல இடங்களில் குழி என்றால் 144.

சிமென்டுக்கு முன் காகிதம்

அப்பா பெயரில் உள்ள பட்டா, கூட்டுப் பட்டா, எடுக்காத வாரிசுச் சான்றிதழ், வெளியூரில் இருக்கும் தங்கையிடம், தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்காத விடுதலைப் பத்திரம். வீடு விற்காமல் மாதக்கணக்கில் நிற்பதற்கு ஒழுகுகிற தளத்தைவிட இவைதான் அதிகக் காரணம். செலவு சில ஆயிரம், அலைச்சல் சில மாதம். மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை பத்திரங்களின் தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதன் ரசீது, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள்.

கடைசியில் சொன்ன வரைபடம் செலவு முடிவையே மாற்றிவிடும். அனுமதியில் தரைத்தளம் மட்டும் இருந்து, பிறகு நீங்களாக மாடியில் இரண்டு அறை எழுப்பியிருந்தால், வங்கி மதிப்பீட்டில் அந்த அறைகள் சேராமல் போகலாம். சேராத அறைக்கு டைல்ஸ் போடுவதில் அர்த்தம் இல்லை. விற்பதற்காகப் புதிதாக ஒரு அறை எழுப்புகிற யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும்.

மொட்டை மாடி

ஒரு இடத்தில்தான் பணம் போடமுடியும் என்றால் அது மொட்டை மாடி. வாங்க வருபவர் அறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். சீலிங்கில் பழுப்பு வட்டம் ஒன்று தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

ஒழுகுகிறதா என்பதை மழைக்குக் காத்திராமல் கண்டுபிடிக்கலாம். மழைநீர் இறங்கும் குழாய் வாய்களைப் பாலித்தீன் சுற்றிய துணிப்பந்தால் இறுக்கி அடையுங்கள். ஆழமான இடத்தில் 2 அங்குலத்துக்கு மேல் போகாதபடி தண்ணீர் விடுங்கள். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போடுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, அதிலும் கோடு போட்டு, அதே வெயிலில் பக்கத்திலேயே வையுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் அளக்க வேண்டும். வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் அது வெயில் குடித்தது. தளத்தில் 15 குறைந்திருந்தால் மீதி 9 மில்லிமீட்டர் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. வாளி இல்லாமல் சோதித்தால் கொத்தனார் "வெயில்ல காஞ்சிருச்சு சார்" என்பார், நீங்களும் தலையாட்டுவீர்கள். கீழே சீலிங்கில் கம்பி தெரியும் அளவுக்குப் பெயர்ந்திருந்தாலோ, மரச்சட்டம் வைத்த மெட்ராஸ் தளமாக இருந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தண்ணீரின் எடையும் ஈரமும் அவற்றுக்கு ஆகாது.

ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாயைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டித் தூண்களின் அடி, தட்டு ஓட்டின் இணைப்புகள். இவற்றை முதலில் பாருங்கள். மூலையில் பழைய பூச்சை உடைத்து, இரண்டு அங்குலம் சரிவாக வளைத்துப் பூச வேண்டும். விரிசலை 6 மில்லிமீட்டருக்கு ஆங்கில 'வி' போலக் கீறி, தூசியை ஊதி, பாலிமர் ஃபில்லர் அடைக்க வேண்டும். அதன் மேல் வலைத்துணி வைத்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்காக அடித்தால் இரண்டாவது வடக்கு தெற்காக. டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவு வழவழப்பான தளத்துக்கானது. சொரசொரப்பான ஓட்டுத் தளத்துக்கு இரண்டு கைக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். 900 சதுர அடிக்கு 36 முதல் 45 லிட்டர் ஆகும்.

இந்தக் கோட்டிங் குமிழ் குமிழாகக் கிளம்பி உரிந்துவிட்டது என்று குறை சொல்பவர்களின் தளத்தில் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான்: உள்ளே ஈரம் இருக்கும்போதே அடித்துவிட்டார்கள். நம் ஊர் கடற்காற்றில் மேலே காய்ந்தது போல் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தால், கட்டு தளர்ந்த நிலையில் விட்டு வைப்பதைவிடக் கழற்றிவிடுவது மேல். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகடு எங்கே போய் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்க வருபவரும் அதைப் பார்த்தவர்தான்.

கம்பி துரு

கடற்காற்றில் உள்ள உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியே இறங்கிக் கம்பியைத் தின்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடு என்றால் உப்பு ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அது வீங்கிக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக ஒரு விரிசல், பிறகு பழுப்புக் கசிவு, பிறகு பொத்தென்று ஒரு துண்டு.

கால் கிலோ சுத்தியலால் சன்ஷேடு அடி, பால்கனி அடி, குளியலறை சீலிங், தொட்டியைத் தாங்கும் பீம் எல்லாவற்றையும் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொட்டு பொட்டென்று பானையைத் தட்டியது போல் கேட்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் சன்ஷேடுகளோடு நின்றுவிட்டால் கொத்தனார் வேலை. தூணிலும் பீமிலும் வந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

சன்ஷேடு வேலையின் முறை இது. விட்டுப்போன கான்கிரீட்டைக் கெட்டியான இடம் வரும்வரை உடைத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு, சுமார் 20 மில்லிமீட்டர் தோண்டணும். பின்பக்கத் துருவை விட்டுவிட்டு முன்பக்கம் மட்டும் பூசினால் இரண்டே மழையில் மறுபடி தள்ளும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கி தடவி, கழுவிக் காயவிட்டு, துத்தநாக ப்ரைமர் அடிக்க வேண்டும். கம்பி கால்பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு 1:3 சிமென்ட் மணல் கலவையில் சிமென்ட் எடைக்கு 10 முதல் 20 சதவீதம் எஸ்.பி.ஆர். லேடக்ஸ் (ஒட்டும் தன்மையைக் கூட்டும் ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்து, ஒரு கைக்கு 10-12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். தடிமன் வேண்டுமென்றால் இரண்டு மூன்று கையாக ஏற்றணும். ஒரே கையில் அப்பினால் தன் எடையிலேயே தொங்கி விட்டுப்போகும். இரண்டு நாள் ஈரச் சாக்கு, அதன் பிறகு காய விடுவது.

தூணும் பீமும் கெட்டிருந்தால் கணக்கு வேறு. இன்ஜினியரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். எஸ்டிமேட்டை வாங்குபவரிடம் காட்டி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கொடுங்கள். நீங்கள் செய்து முடித்தால் "என்ன செய்து மறைத்தார்களோ" என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும். மேலே பூசி பெயின்ட் அடித்து மறைப்பது அதைவிட மோசம். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 55 சொல்கிறது.

ஓதமும் உப்பும்

ஓதம் என்பது சுவரில் ஏறும் ஈரம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால் அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது முழு வீண். வீடு பார்க்க ஆள் வருவதற்குள் மறுபடி பொரிந்துவிடும். தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். சுவருக்குள் கசியும் குழாயா, வெளியே சுவரை ஒட்டித் தேங்கும் மழைநீரா, அடித்தளத்திலேயே ஓதத்தடுப்பு இல்லையா? முதல் இரண்டும் சுலபம். குழாயை மாற்றுங்கள், வெளித்தரையைச் சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவாக்குங்கள். மூன்றாவது என்றால் ஓதம் தெரியும் கோட்டுக்கு மேலும் ஒன்று ஒன்றரை அடி வரை பூச்சை உரித்து, செங்கல் இடுக்கைச் சுரண்டி, வெறுஞ்சுவராகச் சில வாரம் காயவிட்டுத்தான் மறுபூச்சு. அந்த அவகாசம் இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டி மூடினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே போய்த் தலைகாட்டும்.

தண்ணீர், மின்சாரம், கரையான்

போர் தண்ணீரின் உப்பை அளக்கும் சின்னக் கருவியை இப்போது வாங்குபவர்களே பையில் எடுத்து வருகிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை. உங்கள் தண்ணீர் எவ்வளவு என்று நீங்களே முன்கூட்டித் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உப்பு அதிகம் என்பதற்காகப் புதுப் போர் போடாதீர்கள், பக்கத்திலேயே இன்னும் உப்பாக வர வாய்ப்பு உண்டு. மாநகராட்சிக் குழாய் இணைப்பு இருந்தால் அதன் ரசீதே பெரிய ஆறுதல்.

பழைய இரும்புக் குழாயில் உப்புப் படிந்து தண்ணீர் நூலாக வந்தால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை மட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினாலே வீட்டில் பாதிக் குழாய்கள் உயிர் பெறும். மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஒன்று போடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று காட்டினால் வருபவருக்குப் பேச்சே தேவையில்லை. மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங் என்றால் மாற்றச் செலவு அதிகம். வீடு 25 வயதுக்குள் இருந்தால் யோசிக்கலாம், அதற்கு மேல் என்றால் விலையில் குறைப்பதே லாபம். எர்த் கம்பி நம் உப்பு மண்ணில் சீக்கிரம் கரைந்துவிடும், எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

கதவு நிலையைக் கட்டை விரலால் அழுத்துங்கள், பொதுக்கென்று உள்வாங்கினால் கரையான். தரையும் சுவரும் சேரும் கோட்டில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு மருந்து இறக்குவார்கள், துளைக்கு ஒரு லிட்டர் வரை போகும். அரித்த நிலையை மாற்றிவிட்டு மருந்து அடிக்காமல் விட்டால் புது நிலைக்கும் அதே கதி.

பெயின்ட் கடைசியில், ஆனால் அவசியம்

எல்லா ஈர வேலையும் காய்ந்த பிறகுதான் பெயின்ட். 30-க்கு 30 அடி வீட்டின் சுற்றளவு 120 அடி, கைப்பிடிச் சுவரோடு உயரம் 13 அடி. 1,560 சதுர அடியில் கதவு ஜன்னலுக்குப் பத்து சதவீதம் போனால் 1,400. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கைக்கு லிட்டருக்கு 50-55 சதுர அடி, ஆக 26 முதல் 28 லிட்டர். ப்ரைமர் ஒரு கைக்கு 12 முதல் 14 லிட்டர். உள்ளே சுவரும் சீலிங்கும் சேர்த்துத் தரைப் பரப்பின் மூன்று, மூன்றரை மடங்கு வரும். நிறம் வெளிர்மஞ்சளோ வெள்ளையோ போதும். உங்களுக்குப் பிடித்த ஒரு சுவர் ஊதா வேண்டவே வேண்டாம். ஜிப்சம் பட்டியை வெளிச்சுவரில் தடவ ஒப்புக்கொள்ளாதீர்கள், முதல் மழையிலேயே கரைந்து பெயின்ட்டோடு உரியும்.

பெயின்ட்டுக்கு மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங் வைத்தால் "மேலே ஒழுகுமோ, அதை மறைக்கத்தானோ" என்றுதான் நினைப்பார்கள். மாடுலர் கிச்சன் வேண்டியவர் தன் இஷ்டப்படி போட்டுக்கொள்வார். வாஸ்துவுக்காகச் சமையலறையை அக்னி மூலைக்கு மாற்றுவது, ஈசான மூலையில் உள்ள செப்டிக் டேங்கைத் தூர்ப்பது இரண்டும் யாரென்றே தெரியாத ஒருவரின் ஜோசியருக்காகச் செய்யும் செலவு. அது குறை என்று ஒருவர் வந்து சொல்லும்போது பேசிக்கொள்ளலாம்.

வெள்ளம் ஏறிய வீடு

2015 மழையிலோ, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதோ வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் மறைக்க முடியாது. பக்கத்து டீக்கடையில் கேட்டாலே முழங்கால் அளவா இடுப்பு அளவா என்று சொல்லிவிடுவார்கள். ரோடு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன இடத்தில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது விற்பவர் செய்ய வேண்டிய வேலை அல்ல. கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி உள்ளே வராதபடி ஒருவழி வால்வு, கேட் வாசலில் ஒரு மேடு, சம்ப் மூடியை உயர்த்துவது. இந்த மூன்றும் சிறு செலவு, கேட்கிற கேள்விக்குப் பதிலாகக் காட்டலாம்.

புதுச்சேரியின் பழைய வீடு

பூலெவாருக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்கு உள்ளே, திண்ணை, முற்றம், தேக்குத் தூண், மெட்ராஸ் தளம் உள்ள வீடு என்றால் மேலே சொன்ன தேய்மானக் கணக்கே தலைகீழ். அங்கே வருபவர் வயதுக்குத்தான் விலை கொடுக்கிறார். திண்ணையை உடைத்து கார் நிறுத்த இடம் பண்ணுவது, தூணுக்குப் பெயின்ட் அடிப்பது, பழைய தரையின் மேல் பளபள டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் விலையைக் குறைக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லை அரிக்கும், சுண்ணாம்புப் பூச்சே போட வேண்டும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்று புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் விசாரித்துவிட்டுத்தான் ஆணியையே அடிக்க வேண்டும். தளம் ஒழுகினால் அதை மட்டும், அந்த வேலை தெரிந்த மேஸ்திரியை வைத்துச் சரிசெய்து, மற்றதைத் துடைத்து எண்ணெய் போட்டுக் காட்டுங்கள்.

எப்போது, யாரை வைத்து

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. தளவேலையும் வெளிப்பெயின்ட்டும் அப்போது ஆகாது. மார்கழியிலும் ஆடியிலும் பலர் கிரயம் செய்யமாட்டார்கள். ஆக ஆனி, ஆடியில் வேலையை முடித்து ஆவணியில் வீட்டைக் காட்டுவது ஒரு வழி. மழை முடிந்ததும் தொடங்கி மாசி பங்குனியில் முடித்து சித்திரையில் காட்டுவது இன்னொரு வழி. ஆவணியில் காட்டுவதில் ஒரு வசதி, அடுத்து வரும் மழை உங்கள் வேலைக்குச் சாட்சி சொல்லும். அது சரியாக நடந்திருந்தால்.

கூலி கான்ட்ராக்ட் என்றால் தினச் சம்பளத்துக்கு விடாமல் சதுர அடி ரேட்டில் பேசுங்கள். பத்து சதவீதத்தை நிறுத்திவைத்து, வாளி வைத்த அந்தத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்து பார்த்த பிறகு கொடுங்கள். பில்லை வாங்கி வைக்கவும். வருமான வரியில் மூலதன ஆதாயம் கணக்கிடும்போது புது அறை, சுற்றுச்சுவர், போர் போன்ற மேம்பாட்டுச் செலவைக் கழிக்கலாம். வெள்ளையடிப்பும் ஒட்டுவேலையும் மராமத்து, அவை கழியாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கக் குறியீடு கூட்டி 20 சதவீதம் என்ற பழைய முறையையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். பிரான்சில் வசிக்கும் புதுச்சேரிக்காரருக்கு இந்த இரண்டாவது வழி கிடையாது. அவரிடம் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் அதிகம் என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. கிரயம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் உள்ளூர்க்காரரிடமும் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டுவார்.

அட்வான்ஸ் வாங்கிய பிறகு "இந்த ஒரு சுவரை மட்டும் மாற்றிக் கொடுங்களேன்" என்று கேட்டால் செய்யாதீர்கள், வேண்டுமானால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மோட்டார், இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், ஃபேன் எவை வீட்டோடு போகின்றன, எவை உங்களோடு வருகின்றன என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கிரயத்தன்று காலையில் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு நான்கு ஃபேனுக்காகப் பேசவேண்டி வரும்.